காலி கேனை மேலேயிருந்து போட்டவன்

அன்று காலை அந்தக் காம்பவுண்டுக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் அக்கா மகன். வீட்டுக்காரர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து முதல் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். அவர்களோடு அதே ரூமில் தங்கியிருந்த சங்கரன்கோவில் தம்பி. ஒரு நாயும் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதைக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் பாதிப் பேர் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் மோட்டார் ரூம் பக்கம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன்கள் தூக்கத்தில். மற்ற ரூம்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. நான் கேட்டுக்கு வெளியே வண்டியோரம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கேனைப் போட்டவனுக்கு மட்டும்தான் அது எப்படி விழுந்தது என்று தெரியும். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான் தண்ணி கேன் போடுகிறவன். பிள்ளைப்பாக்கத்தில் ப்ளான்ட்டில் என் லோடு வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டு, கம்பெனிப் பையன்கள் தங்கியிருக்கிற ரூம் ரூமாகப் போடுவேன். எங்கள் பக்கத்தில் முன்பு நெல் போட்ட குடும்பமெல்லாம் இப்போது மூன்று மாடி கட்டி, மாடிக்கு நாலு ரூம் வாடகைக்கு விடுகிறார்கள். லிஃப்ட் கிடையாது. நிறைந்த கேனைத் தோளில் வைத்து ஏற வேண்டும். இறங்கும்போது காலி கேனைச் சுமந்து இறங்க யாருக்குப் பொறுமை? மேலேயிருந்து போட்டுவிடுவோம். மேலே இருப்பவன் "கேன்" என்று குரல் கொடுப்பான், கீழே இருப்பவன் பார்த்துவிட்டு "போடு" என்பான். இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான்.

என் அக்கா மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னோடு வருவான், முந்நூறு ரூபாய் கொடுப்பேன். அவன் அப்பா, என் மச்சான், ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற நீளமான டிரெய்லர் ஓட்டுகிறார். போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் பையனைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எனக்கு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, தாய்மாமன் என்றால் அப்படித்தான்.

அன்று அவன் "கேன்" என்று குரல் கொடுத்திருக்கிறான். பதில் வரவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்க்காமல் போட்டிருக்கிறான்.

சங்கரன்கோவில் தம்பி பல் துலக்க குழாயடிக்கு வந்திருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கினார். கேன் மணிக்கட்டில் பட்டது. அதைவிட மோசம், அந்த அதிர்ச்சியில் பாசி பிடித்த சிமெண்டில் வழுக்கி, அதே கையின் மேல் விழுந்தார். நான் ஓடி வந்தபோது வாயில் பற்பசை நுரையோடு உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். கை இருக்க வேண்டிய நேரில் இல்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கையெழுத்துப் போடப் பயம், வங்கியில் டோக்கன் எடுக்கப் பயம், போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினாலே பயம். அன்று ஒரு நொடியில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கேஸ். தெற்கத்திப் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து அடிக்க வருவது. பையனுக்கு ஸ்கூலில் பெயர் கெடுவது. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது. வாயிலிருந்து தானாக வந்தது: "மாடில வெச்சிருந்த கேனு, காத்துல உருண்டு விழுந்துடுச்சு போல."

வீட்டுக்காரருக்கும் வம்பு வேண்டாம். "ஆமாபா, மேல காத்து ஜாஸ்தியாதான் கீது" என்றார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கி அசையவில்லை.

அதற்குள் ரூம் பையன்கள் இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் என் அக்கா மகன் படியிறங்கி வந்தான். ஓடி வரவில்லை. ஒவ்வொரு படியாக வந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நான் கண்ணைக் காட்டினேன், பேசாதே என்று. அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் போட்டேன். கீழ பாக்காம போட்டுட்டேன்" என்றான்.

ரூம் பையன் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். கீழே உட்கார்ந்திருந்தவர்தான் நுரையைத் துப்பிவிட்டு, "விடுலே அவன. சட்டையப் பிடிச்சா என் கை சரியாயிருமா? வண்டியப் பாரு" என்றார்.

என் வண்டியிலேயே கேன்களுக்கு நடுவில் உட்கார வைத்துப் படப்பைக்குப் போனோம். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பையன் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டே வந்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடைந்திருந்தது. இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். அவர் உள்ளே இருக்கும்போது வராந்தாவில் பையனிடம் மெதுவாகக் கேட்டேன், நான்தான் ஒன்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேனே, நீ ஏன் வாயைத் திறந்தாய் என்று.

அவன் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "காத்தே இல்லியே மாமா."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அவனை ஒரு அறை விடலாமா, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. இரண்டும் செய்யவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவர்கள் ரூமில் உட்கார்ந்து பேசினோம். வீட்டுக்காரரும் வந்திருந்தார். சங்கரன்கோவில் தம்பி கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அசெம்ப்ளி லைனில் நின்றால்தான் சம்பளம். இஎஸ்ஐயில் வருவது போக, விட்டுப்போகிற மீதிச் சம்பளம், ஓவர்டைம், லீவே போடாமல் வந்தால் கொடுக்கிற காசு எல்லாவற்றையும் வீட்டுக்காரர் போனில் தட்டிக் கூட்டினார். கட்டு பிரிக்கிற வரைக்கும் பன்னிரண்டாயிரம் என்று வந்தது. நான் கொடுத்துவிடுகிறேன், இரண்டு தவணை கொடுங்கள் என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு வயது இருபத்து நாலு இருக்கும். "கேனப் போட்டது நீங்களா அண்ணாச்சி?"

இல்லை என்றேன்.

"பொறவு நீங்க ஏன் குடுக்கிய? போட்டவன் குடுக்கட்டும்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஸ்கூல் பையன், அவனிடம் ஏது காசு, மாமன் கொடுத்தால் என்ன, மச்சான் கொடுத்தால் என்ன, காசு காசுதானே என்றார். பையன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கேன் தூக்குகிற காசு முந்நூறையும் கொடுத்துவிடுகிறேன், முடிகிற வரைக்கும் கொடுக்கிறேன் என்றான். எத்தனை வாரம் ஆகும் என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறானா என்று எனக்குச் சந்தேகம். போட்டிருந்தான். பிறகு கேட்டபோது நாற்பது வாரம் என்று சட்டென்று சொன்னான்.

"சரி, காசு ஆச்சு" என்றார் அவர். "ஒத்தக் கைய வச்சிக்கிட்டு நான் துணி எப்படித் தொவைக்க?"

ரூம் பையன்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். நான் வருகிறேன் என்று என் அக்கா மகன் சொன்னான்.

அன்றே மச்சானுக்குப் போன் செய்தேன். நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பற்றிக் கேட்டார். காசைப் பற்றிக் கேட்கவில்லை. "அவனேவா சொன்னான்?" என்றார். ஆமாம் என்றேன். "நீ சொல்லச் சொல்லலியே?" இல்லை மச்சான், நான் சொல்லாதே என்றுதான் கண்ணைக் காட்டினேன் என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு குரல் மாறிப்போய், அவன் கையிலேயே விடு, நடுவில் நீ புகாதே என்றார்.

அக்காதான் சாமியாடிவிட்டாள். வீட்டில் தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை. "எவன் துணியோ என் புள்ள தொவைக்கணுமா? நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?" என்றாள். என் பிள்ளை துணியையே இன்னும் நான்தான் துவைக்கிறேன் என்று அழுதாள். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் சொல்லவில்லை.

தாய்மாமனா என்று கேட்டது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இவனுடைய அக்கா வயதுக்கு வந்தபோது நான் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பந்தல், பச்சை ஓலை, தட்டு வரிசை, பட்டுப்பாவாடை, மாலை. கடன் வாங்கிச் செய்தேன், நெஞ்சு நிமிர்த்திச் செய்தேன். இவனுக்குக் குரல் உடைந்தது, மீசை அரும்பியது, கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஆரம்பித்தான். யாரும் ஒரு தட்டுகூட தூக்கவில்லை. சீக்கிரம் ஷேவ் பண்ணாதே, முள்ளாய் மொளைக்கும் என்று மட்டும் ஒரு தடவை சொன்னேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது. எனக்கு மீசை முளைத்தபோது ஆம்பளை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தது கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்ற பெரிய பையன்கள். சிகரெட்டைப் பிடிக்கவும் பயத்தைக் காட்டாமல் இருக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். சிகரெட்டை விட்டுவிட்டேன்.

அதனால் அந்த ரூமுக்கு இவன் தினமும் ஸ்கூல் விட்டுப் போவதில் எனக்கு நிம்மதியே இல்லை. கல்யாணம் ஆகாத பையன்கள் தங்கியிருக்கிற இடம். பீர் பாட்டில் இருக்குமா, போனில் என்ன பார்ப்பார்கள், பந்தயம் கட்டுகிற கேம் எதையாவது இவன் போனில் ஏற்றிவிடுவார்களா. அவர்களுக்கு வேண்டாத கேனைக்கூட வார நாளில் தூக்கிக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, நாங்க குடிக்கிறோமா குளிக்கிறோமா? போன கேனே அப்படியே இருக்கு" என்று ரூம் பையன் ஒருவன் கேட்டான்.

ஒரு நாள் கேனோடு படியில் நின்றுகொண்டேன். குழாயடியில் துணி தேய்க்கிற சத்தம். சங்கரன்கோவில் தம்பி கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, காலரத் தேய்லே. முதுகப் போட்டு இந்தத் தேய் தேய்க்க, நான் என்ன முதுகாலயா வேல பாக்கேன்?"

"உன் சட்ட நாத்தம் படப்பை வரைக்கும் வருதுண்ணா. எங்க தேய்ச்சாலும் ஒண்ணுதான்."

இருவரும் சிரித்தார்கள். இவன் வீட்டில் இப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகிவிட்டது. மேலே ஏறிவிடலாம் என்று பார்த்தேன், ஏறவில்லை. ரூம் பையனில் ஒருவன் குளித்துவிட்டு வந்து, லைனில் தன் பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ அசிங்கமாகச் சொன்னான். என் அக்கா மகனும் சிரிக்க வேண்டும் என்று அவனைப் பார்த்தான். சங்கரன்கோவில் தம்பி குரலை உயர்த்தவில்லை. அந்தப் பிள்ளை உன்னை மாதிரிதான் ஊரை விட்டு வந்து நிற்கிறது, மாசம் பிறந்தால் அதுவும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறது, இந்தப் பேச்சு இந்த ரூமில் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவன் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டான். என் அக்கா மகன் சட்டையைப் பிழிந்துகொண்டே அவன் போவதைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான். இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். இவன் இவரைப் பார்த்ததில் எனக்கு நிம்மதி.

அதே நாள்தான் இவன், அலசுவதை நிறுத்தாமல், கணக்குப் பரீட்சை என்றால் கை நடுங்குகிறது, வீட்டில் சொல்லவில்லை என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவனுக்கு எதிலும் பயம் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பயந்தா என்னலே இப்போ? நான் டெய்லி லைன்ல பயந்துக்கிட்டுத்தான் நிக்கேன். ஒரு போல்ட் விட்டுப்போச்சுன்னா அவ்வளவுதான். பயந்துக்கிட்டே முறுக்க வேண்டியதுதான்."

நான் கேனை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகும்போது அவனிடம் சொல்லிவிட்டேன், எனக்கும் எதற்கெடுத்தாலும் பயம்தான் என்று. நாற்பது வயதில் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அது ஊருக்கே தெரியும் மாமா" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, கணக்குக்கு டியூஷன் சேர வேண்டும் என்று சொன்னான். சேர்த்துவிட்டேன். அந்தக் காசை அவனிடம் கேட்கவில்லை. அது மாமன் செய்ய வேண்டியது, இது அவன் செய்ய வேண்டியது என்று எனக்குள் ஒரு கோடு விழுந்திருந்தது. கோடு எங்கே என்பது எல்லா நாளும் தெளிவாகத் தெரியாது.

அவன் இப்போது காலி கேனை மேலேயிருந்து போடுவதில்லை. கைக்கு இரண்டு கேன், கழுத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறான். என்னையும் போடவிடுவதில்லை. நேரம் ஆகிறது, முட்டி வலிக்கிறது. இந்தப் பக்கம் கேன் போடுகிற இன்னொருவர், "இன்னா, கேன கொழந்த மாதிரி கை புடிச்சி கூட்டினு வரீங்க" என்று கிண்டல் செய்தார். அவன், கொழந்ததான் அண்ணா, கீழ விட்டா யார் கையையாவது ஒடிச்சிடும் என்றான். அவமானப்பட்டுச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிற மாதிரிச் சொன்னான். பதினாறு வயதில் அப்படிச் சொல்ல எனக்கு வந்திருக்காது.

கட்டுப் பிரித்த பிறகும் கொஞ்ச நாள் துணி துவைக்கப் போனான், கைக்குப் பலம் வரட்டும் என்று. இப்போது வீட்டில் தன் யூனிபார்மை அவனேதான் துவைத்துக்கொள்கிறான். அக்கா அதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள், ஏதோ தான் பழக்கிவிட்ட மாதிரி. சொல்லிக்கொள்ளட்டும்.

மச்சான் ஊருக்கு வந்தபோது பையனைக் கூட்டிக்கொண்டு அந்த ரூமுக்குப் போனார். நானும் போனேன். மச்சான் சங்கரன்கோவில் தம்பியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மடக்கி நீட்டச் சொன்னார். பிறகு மச்சானுடைய கை தானாகச் சட்டைப் பையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பையன் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் அந்தக் கையால் மீசையைத் தடவிவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். பணம் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். கொடுக்காமல் பக்கத்தில் நிற்பதற்குத்தான் அவருக்கும் வியர்த்தது, எனக்கும் வியர்த்தது.

சங்கரன்கோவில் தம்பிக்கு இங்கே கான்ட்ராக்ட் முடிந்து ஓசூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று பையை வண்டியில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை விட்டுருலே, இத்தனை நாள் துணி துவைச்சிருக்க, சரியாப் போச்சு என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"தொவச்சது உன் கைக்கு. காசு உன் சம்பளத்துக்கு. அது வேற, இது வேறண்ணா" என்றான் என் அக்கா மகன்.

அவர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இவன வச்சு சமாளிக்கது கஷ்டம்" என்றார். நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போல இருந்ததால் வண்டியைக் கிளப்பினேன்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆள் ஓசூர் போயாச்சு, அவனே வேண்டாம் என்கிறான், இன்னும் அந்தப் பையன் காசைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே, உனக்கு மனசாட்சி கிடையாதா என்றார். அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. பண்டிகை வருகிறது, அவனும் ஒரு நல்ல செருப்பு வாங்கவில்லை. பையனுக்கென்று வங்கிக் கணக்கு இல்லாததால் என் போனிலிருந்துதான் வாரா வாரம் அனுப்புகிறேன். மீதி மொத்தத்தையும் நானே தட்டி அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? தொகையைக்கூட அடித்துவிட்டேன். விரல் அந்தப் பட்டனுக்கு மேலே நின்றது.

அவன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாமா, நீ அனுப்பினா அது உன்னோடதா ஆயிடும். போட்டது நான்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னான், பயப்படாதே என்பது போல. நான் அடித்த தொகையை அழித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வண்டியைக் கழுவிவிட்டு வந்தான். முந்நூறை அவன் கையில் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, பிரித்துப் பார்த்து, திரும்ப என்னிடம் நீட்டினான். அவன் முன்னாலேயே ஓசூருக்கு அனுப்பினேன். போய்விட்டதா என்று கேட்டான். போய்விட்டது என்றேன். அப்புறம் எவ்வளவு இருக்கிறது என்று அவனே சொன்னான், நான் கேட்கவில்லை. இன்னும் பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.